மண்டோர் கருப்பையாவுக்கு எவரிடமும் பயமில்லை

வாசல் இருந்தால்தான் வீடு, எல்லை இருந்தால்தான் நாடு. வந்தவனையெல்லாம் உள்ளே விட்டால் வீடு சத்திரமாகும், நாடு சந்தையாகும். சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் மட்டுமே சொல்லத் துணியும் இந்த வாக்கியத்தை மண்டோர் கருப்பையா, 1979-ஆம் ஆண்டின் ஒரு குளிர்ந்த காலையில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்துக் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டே சொன்னார். குழாயில் அன்று தண்ணீர் நூலாகத்தான் வந்தது. கேட்டவர்கள் வாளியோடு வரிசையில் நின்ற பெண்கள். அவர்களால் வேறு எங்கும் போக முடியாது.

மலாய் நாட்டின் கிழக்குக் கரையில் படகு படகாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வியட்நாம்காரர்களைப் பற்றிய பேச்சு அது. ரேடியோவில் தமிழ்ச் செய்தி முடிந்ததும் தொடங்கியிருந்தார். "நாம விடக்கூடாது" என்று முடித்தார், வாய் கொப்பளிப்பதற்கு முன்.

அந்த 'நாம'வில்தான் ஒரு சின்னச் சிக்கல். நாட்டின் குடிமகனுக்கு நீல நிற அடையாளக் கார்டு. குடிமகன் ஆகாதவனுக்குச் சிவப்பு. கருப்பையாவுடையது சிவப்பு. மூன்று வயதில் அப்பன் தோளில் உட்கார்ந்து கப்பலிலிருந்து இறங்கியவர், இந்த மலையின் பனியையும் தேயிலைத் தூசியையும் தின்று வளர்ந்தவர், முப்பது பெண்களை மேய்த்துக் கொழுந்து பறிக்க வைக்கும் வெளிக்காட்டு மண்டோர். ஆனாலும் சட்டப்படி பார்த்தால் இன்னும் வாசலில் நிற்கிற ஆள்தான். தேர்தல் நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சாவடிக்கு வழி காட்டுவார். யார் எந்தப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும் என்று அதட்டுவார். எல்லோரும் உள்ளே போய் வருவார்கள். அவர் மட்டும் வெளியே நின்று வழி காட்டிக்கொண்டே இருப்பார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சின்னையாவிடம் நீலக் கார்டு இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

சின்னையா பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அதே கப்பலில் வந்தவர், கருப்பையாவைவிட ஒரு வயது இளையவர், பெரிய துரையின் பங்களாவில் பூச்செடிகளைப் பார்த்துக்கொள்பவர். மரியாதைக்கு 'அவர்' என்கிறோம். கருப்பையாவின் வயிற்றெரிச்சலில் சின்னையா எப்போதும் 'அவன்'தான், இனி நாமும் அப்படியே சொல்லிக்கொண்டு போவோம்.

அவனுக்கு நீலக் கார்டு கிடைத்த கதையைக் கேட்டால் யாருக்கும் எரியும். நாடு சுதந்திரம் அடைந்த புதிதில் ஒரு வருஷம் கதவு அகலமாகத் திறந்திருந்தது. மலாய்ப் பரீட்சை இல்லை, பெரிய கேள்வி இல்லை, போய்ப் பதிந்துகொண்டால் போதும். சின்னையா பல்வலி தாங்காமல் தானா ராத்தா டவுனுக்குப் போனான். ஒரு நீண்ட வரிசை தெரிந்தது. பல் பிடுங்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து நின்றான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். பல்வலியோடு போனவன் மாலையில் குடியுரிமையோடு திரும்பினான். பல்லை அடுத்த வாரம்தான் பிடுங்கினார்கள்.

அதே நாள் கருப்பையா கோயில் மண்டபத்தில் குடியுரிமையின் மேன்மை பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார். நல்ல உரை என்று பழைய ஆட்கள் இப்போதும் சொல்வார்கள். கூட்டம் குறையட்டும், நமக்கென்ன அவசரம் என்று இருந்துவிட்டார். கூட்டம் குறைந்தது. கவுண்டரும் மூடியது. பிறகு இரண்டு முறை முயன்றார். மலாய்மொழி நேர்காணலில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று இரண்டு முறையும் அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் வேலை செய்வதற்கே பெர்மிட் என்று வந்தது. சிவப்புக் கார்டுக்காரர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். கருப்பையா பெர்மிட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்துத் தங்கினார். நிலத் திட்டத்துக்கு மனுப் போட முடியாது, மகனின் பள்ளி உதவிக்குக் கை நீட்ட முடியாது. இதையெல்லாம் இரவு சாப்பாட்டின்போது மனைவி மணியம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லுவார். குரலைத் தாழ்த்துவதற்குக் காரணம் அரசாங்கம் அல்ல, பலகைச் சுவர்.

இப்படி இருந்தவரின் காதில்தான் அந்தச் செய்தி விழுந்தது. படகில் வந்தவர்களை ஒரு தீவில் வைத்திருக்கிறார்களாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா என்று துரைமார் அங்கே போய், எந்த நாட்டுக்குப் போக விருப்பம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார்களாம்.

'கேட்டுக் கேட்டு' என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நாற்பத்தைந்து வருஷத்தில் கருப்பையாவை யாரும் எந்த நாடு வேண்டும் என்று கேட்டதில்லை. நேற்று வந்தவன், அதுவும் ஓட்டைப் படகில் வந்தவன், கடையில் துணி எடுப்பதுபோல் நாட்டை எடுத்து விரித்துப் பார்க்கிறானே. அன்றிலிருந்து அவர் வாசல், எல்லை என்று பேசுவதை நிறுத்தினார். 'படகில் வந்தவன்தானே நானும்' என்று பேசத் தொடங்கினார்.

எஸ்டேட் பள்ளி வாத்தியார் திருச்செல்வம் பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசிப்பவர். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அமெரிக்கா அந்த நாட்டில் சண்டை போட்டுத் தோற்றது. ஜெயித்தவனிடமிருந்து ஓடி வருகிற ஒவ்வொருவனும் அமெரிக்காவுக்கு ஒரு சாட்சி, அதனால் கூப்பிடுகிறது. ஆஸ்திரேலியா போன தலைமுறை வரைக்கும் நம் நிறத்து ஆளைப் படியேற விட்டதில்லை. இப்போது சட்டத்தை மாற்றிவிட்டது, மாற்றியதை உலகுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. நம் அரசாங்கம் அகதிகளைப் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே நம் சட்டத்தில் அவர்கள் அகதிகளே இல்லை, கள்ளத்தனமாக இறங்கியவர்கள். இதற்கப்புறம் வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கம்போடியாவிலிருந்து ஓடி வந்த முஸ்லிம்களை மட்டும் இங்கேயே குடிவைக்கிறார்கள். படகில் வருகிறவர்களோ பெரும்பாலும் சீன முகம். இனவாரியாக ஓட்டுகளை எண்ணுகிற நாட்டில் வாசற்படியில் நிற்பவனின் முகத்தையும் எண்ணத்தான் செய்வார்கள்.

"ஆள் யாருன்னு எந்த நாடும் பாக்கறதில்ல மண்டோர்," என்றார் கடைசியில். "யாருகிட்டேர்ந்து ஓடி வந்தான்னுதான் பாக்குது. நம்ம அப்பன் தாத்தா ஓடி வந்தது பஞ்சத்துகிட்டேர்ந்து. பஞ்சத்துக்கு எதிரா எந்த நாட்டுக்கும் அரசியல் இல்ல. அதனால நாம கூலி, அவங்க அகதி."

தங்கத் தகட்டில் எழுத வேண்டிய பேச்சு. கருப்பையாவின் கவனம் அந்நேரம் வேறிடத்தில் இருந்தது. எதிரே சின்னையா ஒரு முழு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தான். மாதக் கடைசியில் அவனுக்கு எங்கிருந்து முழு பாக்கெட்?

பிஸ்கட்டின் ரகசியம் இரண்டு நாளில் வெளியானது. சின்னையாவின் மனைவி செல்லம்மா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே மணியம்மாவிடம் சொன்னாள். பங்களாவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு துரை வந்திருக்கிறார், பெரிய துரையின் சிநேகிதர். தீவிலே ஆள் எடுக்கிற துரையாம். வேலை பார்த்துக் களைத்து, நாலு நாள் குளிர்ச்சியாக இருக்க மலைக்கு வந்திருக்கிறாராம். ரோஜாப் பாத்தியைப் பார்த்து மனம் குளிர்ந்து சின்னையாவுக்குப் பிஸ்கட் வாங்கக் காசு கொடுத்தாராம்.

ஆள் எடுக்கிற துரை. அந்தச் சொல் போதும். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் ஆள் எடுப்பது என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கங்காணி ஊருக்குள் வருவார். புஜத்தை அழுத்திப் பார்ப்பார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்டு வாய்த்துடுக்கு உண்டா என்று சோதிப்பார். குறை சொல்கிறவன், கோர்ட்டுக்குப் போனவன், சண்டைக்காரன் மூவரையும் ஒதுக்கிவிட்டு, உடம்பில் தெம்பும் வாயில் அடக்கமும் உள்ளவனைக் கப்பலேற்றுவார். கருப்பையாவின் அப்பா அப்படித் தேர்வானவர். அந்தப் பெருமையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே என்ன செய்ய வேண்டும் என்று கருப்பையாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார். உள்ளங்கைக் காய்ப்பு துரைக்குத் தெரிய வேண்டும் என்று கல்லில் உரசிப் பளபளப்பாக்கினார். எலுமிச்சம்பழம் ஒன்று தேடி வைத்துக்கொண்டார். போட்டுக்கொள்ள நல்ல கோட்டு இல்லையே என்று மணியம்மாவைக் கடிந்தார். அவள் வெளியே போய், சாம்பல் நிறத்தில், உள்ளே பட்டுத் துணி வைத்துத் தைத்த கம்பளிக் கோட்டு ஒன்றோடு வந்தாள். தன் அண்ணன் கொடுத்தனுப்பியது என்றாள். மச்சான் ஒரு தடவையாவது உருப்படியாக ஒன்று செய்தானே என்று கருப்பையா போட்டுப் பார்த்தார். தோளில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"ஆஸ்திரேலியாக்காரன் கூட்டிக்கிட்டுப் போயிட்டா என்ன செய்யறது?" என்றாள் மணியம்மா. "கோழிகள யாரு பாத்துக்கறது?"

"சின்னையா பாத்துக்குவான். அவன் இங்கயே கெடப்பான்ல."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த ஒளியைக் கல்யாணத்தன்றுகூட மணியம்மா பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மொழிபெயர்க்க வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு பங்களா ஏறினார். துரை வராந்தாவில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் வெயிலில் வெந்து சிவந்திருந்தன. கண்களில் பல நாள் தூக்கம் பாக்கி இருந்தது. கடலில் பறிகொடுத்தவர்களின் கதைகளை மாதக் கணக்கில் கேட்ட மனிதர், கொஞ்சம் பூக்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் முகர்ந்து பார்த்தார்.

படிக்குக் கீழே சின்னையா ரோஜாவுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கோட்டைப் பார்த்தான். சிரித்த மாதிரி இருந்தது. கருப்பையா மார்பை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். எரியட்டும்.

இந்த எஸ்டேட்டில் பிறருக்கு உழைத்துத் தேய்ந்த கருப்பையாவுக்கு எந்த நாட்டிலும் குடியுரிமை இல்லை என்று வாத்தியார் பக்குவமாகவே எடுத்துச் சொன்னார். துரையின் முகம் மாறியது. கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் அந்தத் தீவில் கேட்கிற கேள்விகளையே கேட்கத் தொடங்கினார். இங்கே யாராலாவது ஆபத்து உண்டா? அதிகாரிகள் துன்புறுத்துகிறார்களா? எதையாவது பிடுங்கிக்கொண்டார்களா?

கருப்பையா உள்ளுக்குள் சிரித்தார். வாய்த்துடுக்கைச் சோதிக்கிறான். அப்பா சொன்ன அதே கேள்வி.

"சொல்லுங்க வாத்தியாரே, எனக்கு எவன்கிட்டயும் பயமில்லன்னு. நாலு பேரு என்னைப் பாத்துத்தான் பயப்படுவாங்க. ஒரு குறையும் இல்ல. வெட்டச் சொன்னா வெட்டுவேன், நடச் சொன்னா நடுவேன்."

"மண்டோர், ஒரு குறையாச்சும் சொல்லுங்கலா," என்றார் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு. "பெர்மிட்டு, மகன் படிப்பு, ஏதாச்சும்."

"குறை சொல்லிப் பொழைக்கிற வம்சம் இல்ல எங்களுது."

ஒவ்வோர் இரவும் மணியம்மா காதில் போட்ட பெர்மிட், நிலம், பள்ளி உதவி எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. கருப்பையா அவற்றை விழுங்கினார். சிறைக்குப் போனதுண்டா என்ற கேள்விக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. ஜில்லா அதிகாரி வந்தபோது மாலை போட்டதே தாம்தான் என்றார். சட்டென்று கோட்டுக் கையை மடித்துப் புஜத்தை முறுக்கிக் காட்டினார், அழுத்திப் பார்க்க வசதியாக. துரை அழுத்திப் பார்க்கவில்லை. எழுந்து நின்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சொன்னதை வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"இந்த வருசம் நான் பாத்த ஆளுங்கள்ளயே சந்தோசமான மனுசர் நீங்கதான்னு சொல்றாரு. ஒங்களுக்கு எந்த நாடும் தேவைப்படாதாம். ஒங்கள மாதிரி ஆளுங்க நெறைய இருந்தா அவருக்கு வேலையே இருக்காதாம்."

துரை படியிறங்கிச் சின்னையாவிடம் போனார். இருவரும் பாத்திக் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரே தீக்குச்சியில் இரண்டு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார்கள். முப்பது வருஷ சர்வீஸில் கருப்பையாவைப் பக்கத்தில் உட்கார வைத்த துரை எவருமில்லை. மாலைக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எங்கள் ஊருக்கு வருகிறாயா என்று துரையே சின்னையாவைக் கேட்டாராம். அங்கே இருக்கிற வெயிலுக்கு ரோஜா தாங்குமா என்று அவன் பதிலுக்குக் கேட்டானாம். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

ஏற்கெனவே ஒரு நாடு வைத்திருப்பவனை இன்னொரு நாடும் கூப்பிடுகிறது. அவனோ வேண்டாம் என்கிறான், செடிக்கு ஒத்துக்கொள்ளாதாம். அன்றிரவு கருப்பையா சாப்பிடவில்லை. வயிற்றில் இடம் இருந்தால்தானே?

மறுநாள் வாத்தியாரை மடக்கி, எங்கே தவறு நேர்ந்தது என்று கேட்டார். வாத்தியாருக்கு அலுப்பு. "அவங்க தேடறது பலசாலிய இல்ல மண்டோர், பயந்தவன. பயம்னு ஒண்ணு இல்லாம கதவு தெறக்காது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பயம் இல்லாமல் கதவு திறக்காது. கருப்பையா இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டார். எந்தக் கதவு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்றாவது முறையாக நீலக் கார்டுக்கு மனுப் போட்டார். ஆஸ்திரேலியா கைவிட்ட பிறகு வேறு வழி இல்லை. ஆஸ்திரேலியாவை அவர் அவ்வளவு நம்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. நீலக் கார்டுக்கு இவர் நல்லவர்தான் என்று இரண்டு குடிமக்கள் நேரில் வந்து சொல்ல வேண்டும். ஒருவர் வாத்தியார், சரி. நீண்ட நாள் பழக்கமுள்ள இன்னொருவர் வேண்டும். கப்பல் நாளிலிருந்து தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். கருப்பையா இந்த நாட்டுக்கு உரியவர் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு ஆஸ்திரேலியாவே மேல் என்றுதான் இருந்தார்.

கேட்கத் தாம் போகாமல் மணியம்மாவை அனுப்பினார். அவள் பேசி முடிப்பதற்குள் சின்னையா சரி என்றுவிட்டான். "அண்ணனுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப் போறேன்" என்றானாம். ஒரு வாரமாவது அலைய விட்டிருந்தால் கருப்பையாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூவரும் கோலா தெர்லாவிலிருந்து வந்த காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு தானா ராத்தா போனார்கள். கருப்பையா அதே சாம்பல் கோட்டு. சின்னையா மெல்லிய சட்டையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்துண்ணே, மூணாவது பித்தான் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்," என்றான் வழியில். "இழுத்துப் போடாதீங்க."

அவன் கண்ணில் பித்தான்கூடத் தப்பவில்லையே, இவ்வளவு பொறாமையா என்று கருப்பையா நினைத்துக்கொண்டார்.

அன்று கேள்வி கேட்ட அதிகாரி நல்ல மனிதர். இளம் வயது, சிரித்த முகம். பழைய நேர்காணல்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். சுலபமான கேள்வியாகவே மலாயில் கேட்டார். ஏன் குடிமகன் ஆக விரும்புகிறீர்கள்?

இந்த நாட்டை நேசிக்கிறேன் என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. கிளிகூடச் சொல்லிவிடும். கருப்பையா தோளைக் குறுக்கினார், கண்ணைத் தாழ்த்தினார், குரலை நடுங்க விட்டார். பிரசங்கம் செய்யக் கூடாது என்ற பாடமும் நினைவிருந்தது.

"சாயா தாக்குட், துவான்," என்றார். பயமாக இருக்கிறது, ஐயா.

அதிகாரி பேனாவோடு நிமிர்ந்தார். யாரிடம் பயம் என்று பரிவோடு கேட்டார்.

இங்கேதான் ஒத்திகை போதவில்லை. பயம் வேண்டும் என்று வாத்தியார் சொன்னார், யாரிடம் என்று சொல்லவில்லை. துரை அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்விகள் கருப்பையாவின் மனதில் ஓடின. அதிகாரிகள் துன்புறுத்துகிறார்களா என்று கேட்டாரே. அதுதான் சரியான விடையாக இருக்கும்.

"அரசாங்கத்துகிட்ட," என்றார் மலாயில், உறுதியாக.

அதிகாரி பேனாவை மூடினார். சாட்சிகளின் பக்கம் திரும்பினார். சின்னையாதான் முன்னால் வந்தான். தெரிந்த மலாயைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, நண்பனைக் காப்பாற்ற முயன்றான். இவர் ரொம்ப நல்லவர், பேச்சுத்தான் அதிகம், நாற்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியும், யாருக்கும் எதற்கும் பயந்ததே கிடையாது என்றான்.

மனுதாரர் பயம் என்கிறார். அவருடைய சொந்தச் சாட்சி பயமே கிடையாது என்கிறார். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். யோசித்துவிட்டு இன்னொரு முறை வாருங்கள் என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பும்போது மழை வலுத்தது. லோரியின் முன் சீட்டில் ஒருவருக்குத்தான் இடம். கருப்பையா அண்ணே முன்னால் உட்காரட்டும், கோட்டு நனையக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சின்னையா பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டான். வழி முழுக்கக் கருப்பையா ஒரு விஷயத்தை உறுதி செய்துகொண்டார். சின்னையா வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னான். தன்னிடம் உள்ளது அடுத்தவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்ற எரிச்சல்.

மணியம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள். "வெள்ளக்காரன்கிட்டப் போயி சிங்கம். இங்க வந்து பூனை. ஒரே ஒரு தடவ மாத்தி இருந்திருக்கக் கூடாதா?"

மறுநாள் காலை குழாயடியில் தண்ணீர் நன்றாகவே வந்தது. கருப்பையா பல் விளக்கிக்கொண்டே பேசினார். ஆஸ்திரேலியா அவரை அழைத்த கதை. துரை எழுந்து நின்று கை குலுக்கிய கதை. எனக்கு எந்த நாடும் தேவையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்த கதை. சுயமரியாதை உள்ளவனுக்கு நிற்கிற இடமே நாடு என்றார். வாளியோடு நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். வரிசையில் கடைசியாக, இருமிக்கொண்டு, சின்னையாவும் நின்றான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்த அடக்கம் கருப்பையாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பேச்சு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது செல்லம்மா வாசலில் வந்து நின்றாள். குழாயடி முழுக்கக் கேட்கிற குரலில் மணியம்மாவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை பிரிஞ்சாங்கில் கல்யாணம் இருக்கிறது, அதற்குள் கோட்டைக் காயவைத்துக் கொடுத்துவிடு என்றாள்.

கோட்டு சின்னையாவுடையது.